பேக்கிங் அக்கா பதினோரு தடவை தொலைந்தது

பம்பு உதிரிபாகக் கிடங்கின் டேட்டாபேஸில் இண்டெக்ஸ் முதல்முறை கெட்ட புதன்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, கம்ப்யூட்டர்காரரின் மனைவி கண்ணுக்குத் தெரியாமல் போனாள். அவள் அங்கேதான் பேக்கிங் பிரிவில் இருந்தாள். மேசைமேல் டேப் தானாகக் கிழிந்தது, அட்டைப்பெட்டிகள் தானாக மூடிக்கொண்டன. வேலை நிற்கவில்லை என்பதால் முதலாளி அதைப் பெரிதுபடுத்தவில்லை.

தடித்த புத்தகத்தின் கடைசியில் எது எந்தப் பக்கத்தில் என்று ஒரு பட்டியல் இருக்குமே, இண்டெக்ஸ் அதுதான். அது கெட்டால் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். வாஷர்கள் அடுக்கில் குவிந்திருக்க, கம்ப்யூட்டர் இல்லை என்று சாதித்தது. ஊழியர் பட்டியலும் அதே டேட்டாபேஸில்தான். அவள் பெயர் இருந்த இடமாகப் பார்த்து அறுந்திருந்தது. மதியம் கம்ப்யூட்டர்காரர் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டியதும் எதிரில் நின்றாள். “இவ்வளவு நேரம் பக்கத்துல நின்னு கத்துறேன், காதுல விழலையா?”

விழவில்லை. அடுத்த இரண்டு வருடங்களில் இன்னும் ஒன்பது தடவை கெட்டது. அவர் டிஸ்க்கை மாற்றினார், மெமரியை மாற்றினார், கேபிளை மாற்றினார்; இதே தெருவில் இருக்கும் நாங்கள் சொல்லித் தாடியையும் எடுத்துப் பார்த்தார். மெஷின் விற்ற கம்பெனியில் போனில் கேட்டால், அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பிவரத் தாமதமானது: நான்காம் தடவை மறுநாள் காலை, ஒன்பதாம் தடவை பதினாறு நாள். வீட்டில் சோறு வெந்திருக்கும், துணி மடித்திருக்கும், ஆள் இருக்காது. மனிதர் பாதியாக இளைத்துப்போனார். “பொண்டாட்டிய மெஷின்ல வச்சுப் பூட்டிட்டு சாவிய தேடறாரு” என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரி. நாங்கள் சிரிக்கவில்லை என்று பொய் சொல்லப்போவதில்லை.

பதினோராம் தடவை, இண்டெக்ஸைக் கட்டி நாற்பது நாளாகியும் அவள் வரவில்லை. நாற்பத்தோராம் நாள் அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. இண்டெக்ஸ் இல்லாதபோது முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் வழி என்று அவருக்குத் தெரியும். முதல் அடுக்கின் முதல் வாஷரில் கைவைத்து, நாலாயிரத்துச் சொச்சம் பொருளையும் ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டே போனார். சாயங்காலம் நாலு மணிக்கு, பேக்கிங் மேசையோரம் ஒரு கை அகப்பட்டது. பிடித்ததும் ஆள் தெரிந்தாள்.

“வந்தீங்களா” என்றாள். அவர் அழுதார். அவள் அழவில்லை; நாற்பது நாளாகச் சொல்லக் காத்திருந்த விஷயம் ஒன்று இருந்தது.

“ஏங்க, கரண்ட் போனா எல்லாம் நின்னுடுது. என் ஃபேன் மட்டும் எப்படிச் சுத்துது?”

அவர் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். கரண்ட் போனாலும் அரைமணி நேரம் தாங்கும் யூபிஎஸ் ஒன்று டேட்டாபேஸ் மெஷினுக்காக வாங்கியது. அதில் அவள் ஃபேன் செருகியிருந்தது. மெஷின் சுவர் பிளக்கில் இருந்தது. கரண்ட் கண்சிமிட்டும்போதெல்லாம் மெஷின் எழுதிக்கொண்டிருந்த வரியோடு செத்துப் பிழைத்திருக்கிறது, இண்டெக்ஸ் அறுந்திருக்கிறது. மாற்றிச் செருகியது அவரேதான், ஒரு கோடையில். மறந்தும் போனார்.

“வேர்க்குதுன்னு சொன்னியேம்மா.”

“சொன்னேன்தான். அதுக்காக ஆளையே தொலைப்பாங்களா?”

கையை விட்டால் மறைந்துவிடுவாள் என்பதால், ஒரு கையால் அவளைப் பிடித்தபடியே மறு கையால் வயர்களை மாற்றினார். அன்றிலிருந்து இண்டெக்ஸ் கெடவில்லை. முதலாளி சந்தோஷமாக இருக்கிறார். கம்ப்யூட்டர்காரர் இன்னும் மூன்று தடவை புதிதாகக் கட்டிப் பார்த்தார். அவள் மட்டும் அதில் ஏறவில்லை. பிறகு விட்டுவிட்டார்.

இப்போது அவர் தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாசல் கேட்டில் தொடங்குகிறார். செருப்பு, வாளி, நாற்காலி, அலமாரி, ஒவ்வொரு டம்ளர் என்று தொட்டுக்கொண்டே போய் அவளிடம் சேர முக்கால் மணி நேரம் ஆகிறது. ஊசி நூல் கேட்கப் போனால் நாங்களும் அப்படித்தான் போகிறோம்; பழகிவிட்டது. எதையும் தாண்டிப் போகக் கூடாது, தாண்டினால் திரும்பக் கேட்டிலிருந்து. கடைசியில் ஒரு கை அகப்படும். கரண்ட் இல்லாத நேரமென்றால் வேர்த்திருக்கும்.