தினமும் நீலம்தான்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று மலாக்காவில் எங்கள் காஜா பெராங் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். என் வாயிலேயே போட வேண்டும். அவர் பேர் கலியாணசுந்தரம். கதை சொல்ல வந்துவிட்டால் புருஷன் பேரையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

செங் ஊருக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்காவுக்கு முந்தின வருஷம், அவருக்கு இனிப்பு நீர் வியாதி என்று டாக்டர் கண்டுபிடித்தார். ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு போத்தல் நீல மருந்தும் கொடுத்தனுப்பினார். காலையில் அந்த மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் சீனி ஏறிவிட்டது. உடனே வர வேண்டும், இல்லாவிட்டால் கண்ணைக் கெடுத்துவிடும் என்றார். கண் போனால் லைசென்ஸும் போய்விடும் என்று எங்களுக்குத் தெரியும்.

"அந்தக் கருமத்தை என் அடுப்புல வைக்காதீங்க," என்றேன். அவரும் கொல்லையில் ஸ்பிரிட் விளக்கு வைத்துக் காய்ச்சிக்கொண்டார். அருவருப்பில் நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்தே, "என்ன கலருங்க?" என்பேன். "நீலம்" என்பார். நீலம் வந்த நாளில் ஒரு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி தருவதாக நானே சட்டம் போட்டிருந்தேன். தினமும் நீலம்தான். சனிக்கிழமைகளில் சந்தோஷம் தாங்காமல் வெல்லப்பாகு ஊற்றின செண்டோலும் வாங்கிக் கொடுத்தேன்.

மெர்டேக்காவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, துணி காயப்போடக் கொல்லைக்குப் போனேன். அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளே செங்கல் நிறம்.

"என்ன கலரு?" என்றேன்.

"நீலம்."

வாளியைத் தொப்பென்று போட்டேன். "ஒரு கரண்டி சீனிக்காகவா இத்தனை நாள் என்னை ஏமாத்தினீங்க? வெட்கமா இல்ல?"

அவர் குழாயைக் கீழே வைக்கப் போனார். பக்கத்திலேயே இருந்த பலகையை அவர் கை தடவித் தடவித் தேடியது.

"நாலு மாசமா கலர் தெரியல, சிவகாமி. சொன்னா நீ பஸ் எடுக்க விடமாட்டே."

"பஸ்ல ஏறின சனங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, நாந்தான் மடச்சி, சீனி போட்டுக் குடுத்தேன். வேணாம்னு தள்ளியிருக்கலாமில்ல?"

"வேணாம்னா உனக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

என் கையால் நானே கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் கொல்லைக்குப் போய் எட்டிப் பார்த்திருந்தால் போதும். அதை நினைத்து நினைத்து அழுதேன், இன்னும் அழுகிறேன்.

அன்றே அவரைக் கூட்டிப்போய்ப் பஸ் சாவியைக் கம்பெனியில் கொடுக்கவைத்தேன். கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். மிச்சமிருந்ததும் தீபாவளிக்குள் போய்விட்டது.

இப்போது நான் வடை சுட்டு விற்கிறேன். வீட்டில் சீனி வைப்பதில்லை. இனிப்பு நீருக்கு ஊசி நான்தான் போடுகிறேன், குழாயையும் என் அடுப்பிலேயே காய்ச்சுகிறேன். தினமும் நீலம்தான்.

இன்று காலையும், "நீலங்க," என்றேன்.

"நெசமாவா?"

"சத்தியமா."

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நானும் அப்படித்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றார்.