குறிஞ்சியில் தொடரலாம்

எட்டாம் வகுப்புக்கு மூன்றாவது மணி அடித்தால் எங்கள் பள்ளி வராந்தா ரயில்வே ஸ்டேஷன் ஆகிவிடும். பை, தண்ணீர் பாட்டில், ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பிள்ளைகள் அறை மாறுவார்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி நிலை. தமிழில் மேலே இருக்கிறவள் கணக்கில் கீழே இருக்கலாம். கணக்கில் புலியாக இருக்கிறவன் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கலாம். பருவத்துக்கு ஒருமுறை நிலை மாறலாம். எந்தப் பிள்ளையையும் மொத்தமாக மக்கு என்று முத்திரை குத்தக் கூடாது, அதற்குத்தான் இது என்று தலைமையாசிரியர் தில்லைநாயகம் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது நானும்தான் கை தட்டினேன். நல்ல ஏற்பாடுதான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அதைக் கெடுக்க என்னைப் போல் ஒருத்தி போதும்.

கீழ்நிலை, மேல்நிலை என்றால் பிஞ்சு மனம் புண்படுமாம். அதனால் குறிஞ்சி, முல்லை, மருதம் என்று பெயர் வைத்தார்கள். குறிஞ்சி கீழே, மருதம் மேலே. இந்த மறைப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. “ஏலே, நீ குறிஞ்சிதானல?” என்று கேட்டதற்கு ஒரு பையன் இன்னொருவன் சட்டைப் பையைக் கிழித்துவிட்டான்.

கணக்கில் குறிஞ்சி எனக்கு வந்தது. உமா மகேஸ்வரி டீச்சர் கோபக்காரி, அதட்டினால் பிள்ளைகள் அடங்குவார்கள் என்பதுதான் என் ஒரே தகுதி. மருதத்தைக் குமரகுருவுக்குக் கொடுத்தார்கள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், சுறுசுறுப்பு. அவர் அறையில் முழுப் புத்தகமும் நடக்கும். என் அறையில் அடிப்படைப் பகுதி மட்டும். பின்னம், சதவீதம், சின்னச் சமன்பாடு, அவ்வளவுதான். காரணிப்படுத்துதல், வரைபடமெல்லாம் குறிஞ்சிக்கு வேண்டாம் என்று பாடத்திட்டத்திலேயே அடித்திருந்தது.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நிலைத் தேர்வு ஜூனிலேயே முடிந்துவிட்டது. கணக்கில் யார் எங்கே என்று தீர்மானிக்கிற தேர்வை மட்டும் ஜூலை இரண்டாவது சனிக்கிழமை வைத்தார்கள். சீசன் உச்சத்தில் இருக்கிற ஜூலை, அதிலும் சனிக்கிழமை. தேதி குறித்தவர் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள்தான். குற்றாலத்துக்குக் குளிக்கப் போவார்கள், ஈரத்துண்டோடு திரும்பி வருவார்கள். அங்கே கடை போட்டிருக்கிறவர்களின் பிள்ளைகள் நம்மிடம்தான் படிக்கிறார்கள் என்பது ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை. எனக்கும் வரவில்லை. அன்றைக்கு வராத ஒன்பது பேரில் ஏழு பேர் சீசன் கடைப் பிள்ளைகள். வராதவர்கள் அடுத்த பரிசீலனை வரை குறிஞ்சியில் இருக்க வேண்டும் என்பது விதி.

அப்படி வந்தவள்தான் ஜுஹைனா. அவள் வாப்பா துல்கர்னைன் சவுதியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு இடுப்புவலியோடு திரும்பியவர். மெயின் அருவிக்குப் போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. சீசனில் அவர் அடுப்படியில் நிற்பார், ஜுஹைனா பாக்கெட் போடுவாள். தமிழில் அவள் மருதம், ஆங்கிலத்தில் முல்லை, என்னிடம் குறிஞ்சி. முதல் வாரம் நான் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினேன். மற்றவர்கள் தேதி எழுதிக்கொண்டிருந்தார்கள், அவள் விடையை எழுதி மூடிவைத்திருந்தாள்.

“யாருட்ட பாத்து எழுதின?”

“யாருட்டயும் பாக்கல டீச்சர். மனசுலயே வந்துட்டு.”

இன்னும் இரண்டு கொடுத்தேன். அதுவும் வந்துவிட்டது. இவள் இங்கே இருக்க வேண்டியவள் இல்லை என்று எனக்கு அன்றைக்கே, ஆகஸ்ட் மாதமே, தெரியும். பின்னால் நான் சொன்ன எந்தச் சமாதானமும் இதற்கு முன்னால் நிற்காது.

அவள் பக்கத்தில் முகம்மது ஆசிக் உட்கார்ந்திருப்பான். பின்னம் என்றால் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். மூன்று வருடமாக யார் யாரோ சொல்லியும் ஏறவில்லை. ஒருநாள் நான் கத்திக் களைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஜுஹைனா அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏலே, கால் கிலோ பாக்கெட் மூணு எடுத்து வையி. எவ்வளவு ஆச்சு?”

“முக்கா கிலோ.”

“கூட ஒரு அரைக் கிலோ பாக்கெட்ட போடு.”

“ஒண்ணேகால்.”

“அதத்தாம்ல டீச்சர் இவ்வளவு நேரமா பலகையில எழுதிருக்காங்க.”

ஆசிக் பலகையை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவன்போல் பார்த்தான். அடுத்த பெஞ்சுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்தில் மற்ற இருபத்தொரு பேரும் அவளைச் சுற்றித்தான் கணக்குப் போட்டார்கள். நான் பலகையில் எழுதுவேன், அவள் அதைப் பிள்ளைகள் பேச்சில் அவிழ்த்துக் கொடுப்பாள். எனக்குத் தொண்டை வலி நின்றது. இருபத்திரண்டு வருட வேலையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

காலாண்டுத் தேர்வில் குறிஞ்சியின் சராசரி அறுபத்தொன்று. அதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் நாற்பதைத் தாண்டியதில்லை. ஆசிரியர் கூட்டத்தில் தில்லைநாயகம் சார் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். தாளாளர் கைகுலுக்கினார். குமரகுருகூட, “எப்படி டீச்சர்?” என்று கேட்டார். அனுபவம் என்றேன், கூசாமல்.

அக்டோபரில் பரிசீலனைப் படிவம் வந்தது. பிள்ளை மேலே போகலாமா என்று பாட ஆசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், மறுநாளே அறை மாறிவிடலாம். ஜுஹைனாவின் படிவத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் போனால் ஆசிக் பழையபடி ஆகிவிடுவான், இருபத்தொரு பேருக்காக ஒருத்தி ஒரு பருவம் பொறுத்தால் என்ன என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கினேன். உள்ளே இருந்தது அறுபத்தொன்று என்ற எண். பேனாவை எடுத்து எழுதினேன்: ‘அடிப்படை உறுதியாகவில்லை. குறிஞ்சியில் தொடரலாம்.’

அவளிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னேன். “நீ போயிட்டா இவனுவளுக்கு யாரு சொல்லிக் கொடுப்பா? ஜனவரியில அனுப்புதேன்.” அவள் முகத்தில் பெருமையும் ஏமாற்றமும் சேர்ந்து வந்தது. “சரி டீச்சர்” என்றாள்.

ஜனவரியில் அதே படிவம் வந்தது. அரையாண்டில் சராசரி அறுபத்தேழு. அதே வரியை அதே பேனாவால் எழுதினேன். இரண்டாவது முறை கை நிற்கவே இல்லை.

அந்த வாரம் துல்கர்னைன் பள்ளிக்கு வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தவருக்கு நாற்காலி போட்டேன்.

“ரெண்டு தடவ ஆயிட்டு டீச்சர். புள்ள இன்னும் குறிஞ்சியிலயே கெடக்கா. வீட்ல கணக்கு நல்லாத்தான் போடுதா. எங்களுக்கு என்ன தெரியுது? அவளுக்கு அவ்வளவுதான் வருமா?”

“அப்படியெல்லாம் இல்ல பாய். மார்ச்ல தேர்வு இருக்கு, போயிருவா.”

“ஒம்பதுல இருந்து மாத்த மாட்டாங்களாம்லா? மருதத்துல இருந்தாத்தான் பதினொண்ணுல கணக்கு குரூப்புன்னு சொல்லுதாங்க.”

“ஆமா.”

“அவளுக்கு என்ஜினியருக்குப் படிக்கணும்னு ஆச. மருதம் கெடச்சா நான் எப்பாடு பட்டாவது படிக்க வைக்கேன். கெடைக்கலன்னா பத்தோட நிறுத்திக்கிடுவோம். வராத படிப்பப் போட்டு புள்ளய வதைக்கக் கூடாதுல்லா? நீங்க கூட இருந்து பாக்குதீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். படிவம் தலைமையாசிரியர் மேஜையைவிட்டு நகரவில்லை, அடித்து எழுதக் கையெட்டும் தூரம்தான். நான் அவருக்குக் காப்பி வரவழைத்தேன். போகும்போது ஒரு சிப்ஸ் பாக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதை ஸ்டாஃப் ரூமில் எல்லாருமாகத் தின்றோம்.

மார்ச் தேர்வு பரிந்துரை இல்லாதது, எழுத்துத் தேர்வு மட்டும். இருபது கணக்கு. பதினான்கு சரியாக இருந்தால் மருதம். ஜுஹைனாவுக்கு இதெல்லாம் தூசு என்று நான் நிஜமாகவே நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை மாதம் தூங்கினேன். தேர்வன்று காலையில் அவள் தலையைத் தடவி, “போயிட்டு வா” என்றேன். ஆசிக் அவளுக்குத் தன் புதுப் பேனாவைக் கொடுத்தான்.

மறுநாள் மதியம் குமரகுரு விடைத்தாளோடு என்னிடம் வந்தார்.

“இந்தப் பொண்ணு தாளப் பாருங்க டீச்சர். எனக்கு ஒண்ணும் புரியல.”

வாங்கிப் பார்த்தேன். பதினொரு கணக்கு, பதினொன்றும் சரி. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. மீதி ஒன்பது இடமும் வெள்ளையாக இருந்தது. காரணிப்படுத்துதல், வரைபடம், வடிவொப்புமை. நான் சொல்லிக்கொடுத்த எதையும் அவள் விடவில்லை. ஜூலையில் இருந்து மார்ச் வரை குமரகுருவின் அறையில் நடந்ததும் என் அறையில் நடக்காததும்தான் அந்த ஒன்பது.

வராந்தாவில் அவளே என்னைத் தேடி வந்தாள். அழவில்லை. கேள்வித்தாளில் ஒன்பதையும் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

“இதெல்லாம் எந்தப் பாடம் டீச்சர்? நம்ம ரூம்ல இது வரலையே.”

கேள்வித்தாளை வாங்கி மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

நேரே தில்லைநாயகம் சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்டோபரிலேயே அனுப்பியிருக்க வேண்டியவள், நான்தான் பிடித்து வைத்தேன், ஒரு மாதம் கொடுங்கள், அந்தப் பாடங்களை நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து மறுபடி எழுத வைக்கிறேன் என்றேன். அழுதேன்கூட. அவர் அலமாரியில் இருந்து கோப்பை எடுத்து மேஜைமேல் விரித்தார். என் கையெழுத்து, இரண்டு இடத்தில்.

“அடிப்படை உறுதியாகவில்லைன்னு ரெண்டு தடவ எழுதிருக்கீங்க. தேர்வும் அதத்தான காட்டுது? ஒரு பிள்ளைக்கு மறுதேர்வு வச்சா நாளைக்கு நாற்பது பேரு வந்து நிப்பாங்க. அந்தப் பொண்ணு மேல உங்களுக்குப் பாசம், அதான் இப்படிப் பேசுதீங்க. வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க டீச்சர்.”

நான் சொன்ன பொய்யை எழுத்தில் இருக்கிறது என்பதால் நம்பினார். உண்மையைப் பாசம் என்று தள்ளிவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று மாலையே குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். மார்ச் மாதத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. அருவி பாறையில் ஒரு கோடாக வடிந்துகொண்டிருந்தது. துல்கர்னைன் கடையைத் திறந்துவைத்து ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் சொன்னேன், ஒன்றும் விடாமல். வேறு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சேருங்கள், இந்த நிலையெல்லாம் அங்கே இல்லை, நான் கூட வருகிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க நல்ல மனசுல சொல்லுதீங்க. எங்களத் தேத்துததுக்காகப் பழிய உங்க மேல போட்டுக்கிடுதீங்க. ஒம்பது கணக்குக்கு ஒண்ணுமே எழுதலைன்னு அவளே சொல்லிட்டா டீச்சர். பத்து முடிக்கட்டும். அப்புறம் கடைக்கு வந்துட்டாள்னா எனக்கும் ஒத்தாசையா இருக்கும்.”

இன்னொரு பாக்கெட்டை எடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் மூன்றாவது மணி அடித்தது. ஜுஹைனா எப்போதும்போல் பையோடு வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தாள். பலகையில் ஒரு சதவீதக் கணக்கை எழுதினேன். ஆசிக் பழக்கப்படி நோட்டை அவள் பக்கம் தள்ளினான்.

“ஏட்டி, இது எப்படி?”

அவள் நோட்டை அவன் பக்கமே தள்ளிவிட்டாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

“டீச்சர்ட்ட கேளு.”

இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாக்பீஸை எடுத்து முதலில் இருந்து தொடங்கினேன். மூன்று முறை சொன்னேன். ஆசிக்குக்குப் புரியவில்லை.