அழிக்க இரண்டு பேர்

அமுக்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அழிக்க வேண்டியது பாத்திரக் கடைக்காக எப்போதோ எடுத்த விளம்பரப் படங்களை. டிக் விழுந்திருந்ததோ அதற்கு மேல் வரிசையில் இருந்த போன வாரக் கல்யாணத்தின் மேல். திரையில் சாவகாசமாக ஒரு வாசகம் வந்து நின்றது: ‘அழிக்கும் கோரிக்கை அனுப்பப்பட்டது. இரண்டாம் நபரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.’

ஸ்டுடியோவின் பேக்கப்பில் இருந்த அந்தப் பிரதியை விட்டால் அந்தக் கல்யாணத்துக்கு வேறு படமே கிடையாது. மெமரி கார்டுகளைத் துடைத்து அடுத்த வேலைக்கு எடுத்துப் போயாயிற்று. எடிட் செய்யும் கணினியின் டிஸ்க் முந்தாநாள் மண்டையைப் போட்டுவிட்டது. படங்களை மீட்டெடுக்கத்தான் இன்றைக்கு உட்கார்ந்ததே. கையோடு கொஞ்சம் இடத்தையும் ஒழித்து வைப்போமே என்கிற அதிகப்பிரசங்கித்தனம் யாரை விட்டது? படம் போய்விட்டது, இன்னொரு தடவை கல்யாணம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியுமா? அதுவும் இந்தக் கல்யாணப் பெண்ணிடம்! ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா, மறுநாளே கண்ணை மூடிவிட்டார். காலையில்தான் அந்தப் பெண் போன் செய்திருந்தாள். “அப்பா சிரிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும்க்கா.”

போன மாதம் வரை ஸ்டுடியோவில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல், எல்லோருக்கும் எல்லா உரிமையும். யார் எதை அழித்தது என்று கேட்டால் ஆளாளுக்கு விட்டத்தைப் பார்ப்பார்கள். இது சரிப்பட்டு வராது என்று இவள்தான் பேக்கப் மென்பொருளில் ஆளுக்கொரு கணக்கு தொடங்கி உரிமைகளைப் பிரித்தாள். கேமரா பிடிப்பவர் படங்களைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். எடிட்டர் பார்க்கலாம், எடுக்கலாம். அழிப்பதென்றால் இவள் கேட்க வேண்டும், மாடியில் இருக்கும் நாத்தனார் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டவர் மனம் மாறினாலும் கோரிக்கையைத் திரும்பப் பெற முடியாது. மறுப்பதும் இரண்டாம் ஆள்தான். அதையும் சேர்த்துப் பூட்டியபோது தன்னைப் பெரிய கெட்டிக்காரி என்று வேறு நினைத்துக்கொண்டாள்.

நாத்தனாருக்கு வந்ததே கோபம்! “எங்கப்பா ஆரம்பிச்ச ஸ்டுடியோ. இங்க எனக்கு எதையும் தொட உரிமை இல்ல, நீ கேட்டா தலைய மட்டும் ஆட்டணுமா?” அன்றோடு பேச்சு நின்றது. கணவரிடம் சொன்னால், “அக்காவுக்கும் உனக்கும் நடுவுல என்னை இழுக்காதே” என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார், மகராசன்.

நாத்தனாரின் பழக்கம் வீடே அறிந்தது. போனில் எது வந்தாலும் படிக்காமல் ‘சரி’யை அமுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். இவள் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. கோபத்தில் இருப்பவர் எடுப்பாரா? செருப்பைக்கூட மாட்டாமல் மாடிக்கு ஓடினாள்.

நாத்தனார் ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறியின் இறக்கைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். போன் மேஜையில் கிடந்தது.

“அண்ணி, போன்ல எதையாவது அமுக்கினீங்களா?”

“யாரு, எங்கிட்டயா பேசுறே?”

“விளையாடாதீங்க அண்ணி. இப்ப ஒப்புதல் கேட்டு ஒண்ணு வந்திருக்கும். அமுக்கிட்டீங்களா?”

நாத்தனார் திரும்பவே இல்லை. “நீ அனுப்புறது எதையும் நான் தொடுறதில்ல. சண்டை போட்ட அன்னியிலேர்ந்து அப்படியேதான் கிடக்கு. நீயே அனுப்பி நீயே காத்துக் கிட.”

“எதையுமேவா?”

“எதையுமேதான். வீம்புன்னே வச்சுக்கோ.”

இவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. எந்த வீம்பை நினைத்து இத்தனை நாள் மனசுக்குள் கரித்துக் கொட்டினாளோ, அந்த வீம்பு நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும் என்றிருந்தது.

“ஏய், என்னடி ஆச்சு?” நாத்தனார் பதறிக்கொண்டு இறங்கினார். இவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க நாத்தனாரின் முகம் வெளுத்தது. துணியைப் பிடித்தபடியே அதே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “கோபம் மட்டும் இல்லேன்னா கண்ணை மூடிட்டு அமுக்கியிருப்பேனே. அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிக்கிறது?” கொஞ்சம் பொறுத்து, “அப்ப, உனக்குக்கூடத் தனியா அழிக்க உரிமை இல்லையா?” என்றார்.

“எனக்கும் இல்ல அண்ணி. நான் கை தவறினா தடுக்கறதுக்கு ஒருத்தர் வேணும்னுதான் உங்களைப் போட்டேன். அன்னிக்குச் சொல்ல வந்தேன், எங்க பேச விட்டீங்க?”

“கத்தியாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“உங்களை மிஞ்சி யாரு கத்துறது?”

நாத்தனார் சிரிக்கவில்லை; ஆனால் உதட்டை மடித்துக்கொண்டார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்து நீட்டினார். “எது ‘வேண்டாம்’, காட்டு.” இவள் காட்ட, அவரே ஓங்கி அமுக்கினார். கோரிக்கை மறைந்தது. மூச்சு இப்போதுதான் நெஞ்சு நிறைய இறங்கியது. எழுந்துபோய் மீட்டெடுக்கிற வேலையைத் தொடங்க வேண்டும். ஆனால் நாத்தனார் இவள் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

“இரு, மிச்சத்தையும் பாத்துடலாம். ‘பாஸ்போர்ட் படங்கள், பழையது’ன்னு போட்டிருக்கு. யாரோடது இதெல்லாம்?” என்று எழுத்துக் கூட்டுவதுபோல் நிதானமாகப் படித்தார். சிறிய திரையின் மேல் இரண்டு தலைகளும் கவிழ்ந்திருந்தன. நாத்தனாரின் கட்டைவிரல் ‘சரி’க்கு மேலே வந்து, தொடாமல், அப்படியே நின்றது.