கரையில் உட்காரும் அக்கா

காரின் பின் இருக்கையில் ஹரீஷ் அத்தையின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாயோரம் எச்சில் ஒழுகி மஹாலக்ஷ்மியின் புடவையில் வட்டமாக ஈரம் படர்ந்திருந்தது. கால் மரத்துப்போயிருந்தும் அவள் அசையவில்லை. களக்காடும் வள்ளியூரும் கழிந்து, ராதாபுரத்தையும் தாண்டி, பனைகளுக்கு நடுவே காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்த வெளியில் கார் கடலை நோக்கித் திரும்பியது. முன்னால் அவளுடைய தம்பி ஸ்ரீகுமாரும் அவன் மனைவி ஸ்னேகாவும் விடுதியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அந்த விடுதியில் பாடிபோர்டிங் கற்றுக்கொடுக்கிறார்களாம். குட்டையான, மெத்தென்ற ஒரு பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு அலையோடு கரைக்கு வருவது. ஸ்னேகா மறுநாள் காலைக்குத் தனக்கு மட்டும் ஒரு வகுப்பு ஏற்பாடு செய்திருந்தாள். மற்றவர்களோடு சேர்ந்து கற்றுக்கொள்ள அவளுக்குக் கூச்சம். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மஹாலக்ஷ்மி, "நீச்சல் தெரியாதவாளும் பண்ணலாமா?" என்று கேட்டாள்.

"பண்ணலாமாம் அக்கா. இடுப்பளவு தண்ணிதான்" என்றாள் ஸ்னேகா. பேச்சு அதோடு வேறெங்கோ போய்விட்டது.

மஹாலக்ஷ்மிக்கு நாற்பத்து நான்கு வயது. அம்பாசமுத்திரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா பக்கவாதத்தில் விழுந்த வருடங்களில் அவளுக்கு வந்த வரன்கள் தள்ளிப்போயின. அம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியதும் வரன்கள் வருவதே நின்றுபோயிற்று. இருவரும் போன பிறகு கல்லிடைக்குறிச்சி வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். தம்பி குடும்பம் பெங்களூரில். ஒவ்வொரு விடுமுறைக்கும் அவன் போன் செய்வான். "நீயும் வாயேன்க்கா. உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்பான். அதை அவன் மனதாரத்தான் சொல்வான். ஸ்னேகாவும் நல்லவள். தீபாவளிக்குத் தன் அம்மாவுக்கு எடுக்கும் அதே தரத்தில் நாத்தனாருக்கும் புடவை எடுப்பவள். அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் இருவரும் "பாவம்" என்பார்கள். ஒருவரைப் பாவம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் அவரைப் பற்றி யோசிக்கத் தேவையிருப்பதில்லை.

விடுதியில் இரண்டு அறைகள். ஹரீஷ் அத்தையோடு படுத்துக்கொள்வான் என்று யாரும் சொல்லவில்லை. அவனுடைய பால் புட்டியும் கரடிப் பொம்மையும் தாமாகவே அத்தையின் அறைக்குப் போய்ச் சேர்ந்தன.

அன்று மாலை எல்லோரும் கடலுக்குப் போனார்கள். மஹாலக்ஷ்மி தோளில் ஒரு துணிப்பையோடு வந்தாள். ஈர மணலில் நின்று, அலை வந்து பாதத்தைத் தொட்டதும் குனிந்து நீரை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். ஆற்றில் இறங்குமுன் செய்யும் பழக்கம். அப்படியே நிமிர்ந்து, பையைத் தோளிலிருந்து இறக்கப் போனாள்.

"அக்கா, இவனைக் கொஞ்சம் பாத்துக்கோ. நாங்க ஒரு முங்கு போட்டுட்டு வந்துடறோம்" என்று ஸ்ரீகுமார் மகனின் கையை அவள் கையில் கொடுத்தான். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, இரண்டு கைப்பேசிகள் எல்லாம் அவள் கைக்கு வந்தன. அவள் குடைக்கடியில் போய் உட்கார்ந்தாள். துணிப்பையைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஹரீஷுக்கு உப்புத் தண்ணீர் பட்டுத் தொடையெல்லாம் சிவந்து அரித்தது. மஹாலக்ஷ்மி அவனைத் தூக்கிக்கொண்டு விடுதித் தோட்டத்தில் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். அக்கா தேங்காய் எண்ணெய் இல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்ப மாட்டாள் என்பது ஸ்னேகாவுக்குத் தெரியும். நேராக அவள் அறைக்குப் போனாள். கட்டில்மேல் இருந்த துணிப்பையைத் திறந்தாள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கலாமே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

எண்ணெய் இல்லை. செய்தித்தாளில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தாள். கருநீல நிறத்தில், முழங்கை வரை கையும் கணுக்கால் வரை காலும் வைத்த நீச்சல் உடை. கூடவே அதே நிறத்தில் ஒரு தொப்பி. விலைச்சீட்டு இன்னும் கத்தரிக்கப்படாமல் தொங்கியது.

முதலில் ஸ்னேகா சந்தோஷப்பட்டாள். அக்கா நமக்காக வாங்கி வைத்திருக்கிறாளே, வகுப்புக்குப் போகுமுன் கொடுக்க நினைத்திருப்பாள் போல என்று அதை உடம்பின்மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். இடுப்பு அகலமாக இருந்தது. கால் பாகமோ குட்டையாக இருந்தது. குனிந்து ஓரத்தைப் பார்த்தாள். உள்பக்கமாக மடித்து, கையால் தைத்திருந்தது. எறும்பு வரிசை போன்ற சின்னச் சின்னத் தையல். ஹரீஷின் கால்சட்டை ஒவ்வொன்றிலும் அவள் பார்த்திருக்கும் தையல்.

அக்கா குள்ளம்.

ஸ்னேகா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கல்லிடைக்குறிச்சி வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, அக்கா இதைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். கால் நீளமாக இருக்கிறதென்று கழற்றி, மடித்து, விளக்கடியில் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். "நீயும் வாயேன்" என்று தம்பி சொன்னதை அவள் நம்பியிருக்கிறாள். நேற்று அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடல்வரை வந்து, அதைத் திறக்காமலே திரும்பியிருக்கிறாள்.

உடையை இருந்தபடியே சுற்றி வைத்துவிட்டுத் தன் அறைக்கு வந்து கணவனிடம் சொன்னாள். ஸ்ரீகுமார் சிரித்தான். அக்காவுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது, எங்கே போனாலும் கரையில்தான் உட்காருவாள் என்றான்.

"அவ உக்காந்தாளா, நாம உக்கார வெச்சோமா?" என்றாள் ஸ்னேகா. "கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாச்சு. நீ ஒரு தடவையாவது அவளைக் கேட்டு நான் பாத்ததில்லை. நானும் கேட்டதில்லை."

அவன் சிரிப்பு நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பையைத் திறந்து பார்த்ததைச் சொன்னால் அக்கா கூசிப்போவாள். அதனால் ஸ்னேகா ஒரு பொய்யைத் தயார் செய்தாள். தோட்டத்துக்குப் போய், தனக்கு வயிற்றுவலி என்றும், வகுப்பை இனி ரத்து செய்ய முடியாது என்றும், தனக்குப் பதிலாக அக்கா போக வேண்டும் என்றும் சொன்னாள்.

அந்தப் பொய் நேர் எதிராக வேலை செய்தது. மஹாலக்ஷ்மியின் முகம் வாடிவிட்டது, ஆனால் அது ஸ்னேகாவின் வயிற்றை நினைத்து. வகுப்பு என்ற சொல் அவள் காதிலேயே விழவில்லை. ஸ்னேகாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் படுக்க வைத்தாள். விடுதிச் சமையலறையில் யாரையோ அண்ணாச்சி என்று அழைத்துக் கெஞ்சி வெந்நீர் வாங்கி வந்தாள். ஓமத் திராவகத்தைக் கலந்து நீட்டினாள். காலையில் வெறும் வயிற்றில் காபி குடித்ததுதான் காரணம் என்று கண்டித்தாள். "நீ இப்படிப் படுத்துண்டு இருக்கச்சே எனக்கு என்னடி கடல்? ஹரீஷையும் நான் வெச்சுக்கறேன். நீ தூங்கு" என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

இருட்டிய அறையில் ஓம வாசனையோடு படுத்திருந்த ஸ்னேகாவுக்கு அழுகை வந்தது. இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் நடந்திருக்க வேண்டும். யாருக்காவது ஏதாவது ஒன்று என்றால் அக்கா தன்னுடையதை மடித்து வைத்துவிடுவாள். எல்லோருக்கும் அது வசதியாக இருந்திருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அக்காவின் சுபாவம்.

எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லை. பொய் சொன்னேன். எண்ணெய் தேடி உங்க பையைத் திறந்தேன். கேக்காம திறந்தது தப்பு."

மஹாலக்ஷ்மி டம்ளரை மேசைமேல் வைத்தாள். முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது.

"ஸ்ரீக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சிரிச்சானா?"

ஸ்னேகாவால் பொய் சொல்ல முடியவில்லை. "முதல்ல சிரிச்சான். அப்பறம் சிரிக்கலை."

மஹாலக்ஷ்மி தலையாட்டினாள். "ஸ்கூல்ல பிள்ளைகளோட டூர் போனா கூட நான்தான் பையெல்லாத்துக்கும் காவல். பழகிப்போயிடுத்து. இந்தத் தடவை என்னவோ, நீங்க கேப்பேள்னு நெனச்சுண்டேன். நீயும் வரியான்னு ஒரு வார்த்தை. நானா எப்படிக் கேக்கறது? இந்த வயசுல ஆசையைப் பாருன்னு ஆயிடுமோன்னு இருந்தது."

"இப்போ கேக்கறேன் அக்கா. வரேளா?"

கடற்கரையில் அவர்களுக்காகக் காத்திருந்த ரீபா பக்கத்து மீனவக் கிராமத்துப் பெண். கேரளத்து வர்க்கலையில் பயிற்சி எடுத்துவிட்டு வந்து இங்கே கற்றுக்கொடுக்கிறாள். கருநீல உடையில், இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நடந்து வந்த மஹாலக்ஷ்மியைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. விசாரித்தபோது கணக்கு டீச்சர் என்று தெரிந்ததும்தான் சிரித்தாள்.

"பத்தாங்கிளாஸ்ல எனக்குக் கணக்குதான் போச்சு. இன்னைக்கு ஒங்ககிட்ட பழி வாங்கிருதேன், பாருங்க" என்று பலகையின் கயிற்றை அவள் மணிக்கட்டில் கட்டினாள்.

முதல் அலை வந்தது. மஹாலக்ஷ்மி கண்ணை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, சட்டென்று முங்கினாள். அலை தலைக்குமேல் கடந்து போயிற்று. பலகை மட்டும் கயிறு இழுபட மேலே மிதந்தது. இரண்டாவது அலைக்கும் முங்கினாள். அதற்கடுத்ததற்கும். தாமிரபரணியில் குளித்து வளர்ந்த உடம்பு, தண்ணீர் மேலே வந்தால் அதற்கு முங்க மட்டுமே தெரிந்திருந்தது.

"யக்கா, ஆத்துல முங்குத மாரி முங்குதீங்க" என்றாள் ரீபா. "ஒவ்வொரு அலைக்கும் இப்படி முங்கிட்டே இருந்தா, அது பாட்டுக்கு ஒங்கள விட்டுட்டுப் போயிரும்லா. மூக்க விடுங்க. ரெண்டு கையும் பலகையில. அல பக்கத்துல வரட்டும், மெள்ள பலகைமேல படுத்துக்கிடுங்க. நான் இங்கனதான் நிக்கேன்."

கரையில், குடைக்கடியில், ஸ்ரீகுமார் உட்கார்ந்திருந்தான். ஸ்னேகா அலைக்கருகே நின்றாள். கைக்கடிகாரம், கைப்பேசிகள், செருப்புகள், தண்ணீர்ப் புட்டி எல்லாம் இன்று அவனைச் சுற்றி இருந்தன. ஹரீஷ் மணலைத் தின்றான், பிறகு கண்ணில் போட்டுக்கொண்டான், பிறகு ஒன்றுக்குப் போக வேண்டும் என்றான். குடையின் நிழல் நகர்ந்துவிட்டது. பொருட்களை விட்டுவிட்டு எழுந்து போகவும் முடியவில்லை. அத்தனை பேர் கடலில் கத்திச் சிரித்துக்கொண்டிருக்க, கரையில் இருப்பவனுக்கு அந்தச் சிரிப்பு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் கேட்டது.

கல்லூரி நாட்களில் மணிமுத்தாறு அருவிக்குப் போனது அவனுக்கு நினைவு வந்தது. அவனும் சிநேகிதர்களும் மதியம்வரை குளித்தார்கள். அக்கா பாறைமேல் துண்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் எல்லோரும் ஈரத்தோடு நடுங்க, "நீ கொடுத்துவெச்சவக்கா, உன் புடவை மட்டும் நனையவே இல்லை" என்று அவன் கிண்டல் செய்தான். அவளும் சிரித்தாள். அன்றும் அவள் கையில் ஒரு பை இருந்தது. அதில் மாற்றுப் புடவை இருந்ததா என்று அவனுக்குத் தெரியாது. இனி கேட்டாலும் அவளுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ.

அப்போது ஓர் அலை, பெரியதும் இல்லை சின்னதும் இல்லை, வெள்ளையாக உடைந்து எழுந்தது. மஹாலக்ஷ்மி மூக்கை விட்டாள். பலகைமேல் விழுந்தாள். ரீபா பின்னாலிருந்து ஏதோ கத்தினாள். அலை அவளைத் தூக்கியது. தொப்பி கழன்று, நரை கலந்த கூந்தல் முதுகில் அவிழ்ந்து விழ, அவள் நேராகக் கரைக்கு வந்தாள். ஸ்னேகாவைத் தாண்டி, மணலில் உரசி நின்றாள். வாய் நிறைய உப்புத் தண்ணீர். அதைத் துப்பிவிட்டு, குப்புறப் படுத்தபடியே சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அக்காவிடம் இருப்பது ஸ்ரீகுமாருக்குத் தெரியாது. அது அவன் மகனுடைய சிரிப்பைப் போலவே இருந்தது.

அவன் ஹரீஷைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து கையை நீட்டினான். "போதும்க்கா. களைச்சுப் போயிடுவே."

"விடுடா. எப்போ போதும்னு நான் சொல்றேன்" என்று அவளாகவே எழுந்தாள். தோளில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டவில்லை.

ஸ்னேகா கணவனின் அருகில் வந்து நின்றாள். "நாம அவளை எத்தனை இடத்துக்குக் கூட்டிண்டு போயிருக்கோம். அதையே பெரிய பாசம்னு நெனச்சுண்டு இருந்தோம்" என்றாள். "கூட்டிண்டு போனா மட்டும் போறாது. உனக்கு என்ன வேணும்னு கேக்கணும். கல்யாணம் ஆகாதவ, தனியா இருக்கறவ, நமக்காக உழைக்கறவ, அவளுக்கும் ஒரு ஆசை இருக்கும்னு மொதல்ல நமக்குத் தோணணும். அது தோணலைன்னா நம்ம பாசத்துக்கும் சம்பளம் இல்லாத வேலைக்காரி வெச்சுக்கறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை."

ஸ்ரீகுமார் கடலை நோக்கிப் பலகையை இழுத்துக்கொண்டு போன அக்காவைப் பார்த்தான். வழக்கம்போல, "தசரா லீவுக்கு பெங்களூர் வந்துடுக்கா, ஹரீஷுக்கும் துணையா இருக்கும்" என்று வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கினான்.

"அக்கா" என்று கூப்பிட்டான். "தசரா லீவுக்கு உனக்கு என்ன பண்ணணும்னு இருக்கு?"

இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்டா" என்றாள். பின்னால் அலை வந்துகொண்டிருந்தது. அவள் முங்கவில்லை.