மாமா கொடுத்த மரியாதை

"வாங்க, உக்காருங்க" என்றார் மாமா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

என் அக்காவைக் கட்டிய நாள் முதல் அவருக்கு நான் "டேய் தடியா"தான். என் கல்யாண மேடையிலேயே அப்படித்தான் கூப்பிட்டு மானத்தை வாங்கினார். ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றி, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி, தனியறையில் படுக்க வைத்த பிறகும் அந்த வாய் மட்டும் அடங்கவே இல்லை.

அக்கா முகக்கவசத்துக்குள் சிரித்தாள். "இப்பவாவது உனக்கு மரியாதை கிடைச்சுதே!"

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடமும் அதையே வேடிக்கையாகச் சொன்னாள். காய்ச்சல் இல்லையென்று குறித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். மாமாவிடம் பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். டாண் டாணென்று பதில் வந்தது.

"இவர் யாரு?" என்று என்னைக் காட்டினார்.

"இங்க வேலை செய்யறவர்தானே? தங்கமான மனுஷன்."

"உங்க மச்சான் எங்க?"

"அந்தத் தடியனா? எட்டிக்கூடப் பாக்கல. வரட்டும், வெச்சுக்கறேன்."

ஐயோ! முகக்கவசத்தைக் கழற்றிக் காட்டலாமென்று என் கை தானாகப் போனது. டாக்டர் தடுத்து, எங்களை வெளியே அழைத்துப் போனார்.

"எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்புல காய்ச்சலே இல்லாமக்கூட மூளைக்குக் கிருமி போயிடலாம். புற்றுநோயே மூளைக்குப் போயிருக்கலாம். மருந்தோட வேலையாவும் இருக்கலாம். முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பாக்கணும். அதுக்காகக் காத்திருக்காம கிருமிக்கு மருந்தை ஆரம்பிச்சிடறேன்."

"கடவுளே, கிருமியாவே இருக்கட்டும்" என்றாள் அக்கா. வேண்டிக்கொள்கிற விஷயமா அது!

மறுநாள் முடிவு வந்தது. வைரஸ்தான், புற்றுநோய் பரவவில்லை. ஆனால் ஞாபகம் எவ்வளவு திரும்புமென்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். போன உயிர் திரும்பி வந்தவளாக அக்கா உள்ளே ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

அவளை மாமாவுக்கு அடையாளம் தெரிந்தது. "எனக்கு என்னாச்சு? ஏன் இங்க படுத்திருக்கேன்?"

அக்கா நோயின் பெயரைச் சொன்னாள். அவர் முகம் வெளிறியது. முதன்முதலாகக் கேட்பவரைப் போலக் குலுங்கிக் குலுங்கி அழுதார். "பிள்ளைங்களுக்குத் தெரியுமா?" என்றார். தேற்றித் தண்ணீர் கொடுத்தோம்.

டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினால், "எனக்கு என்னாச்சு? ஏன் இங்க படுத்திருக்கேன்?"

அக்கா மறுபடி சொன்னாள். மறுபடி அதே அழுகை. மறுபடி, "பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

மூன்றாவது தடவை அவர் கேட்டபோது அக்கா என்னைப் பார்த்தாள்.

"சாதாரணக் காய்ச்சல்தாங்க" என்றாள்.

"அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்." மாமா சிரித்துக்கொண்டே போர்வையை விலக்கினார். "அப்ப கிளம்பு, வீட்டுக்குப் போலாம்."