கைநாட்டு

தலைவருடைய வக்கீல் உள்ளே வந்தபோது அவள் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலரை முடிக்காமல் நிமிர்வது அவள் வழக்கமில்லை. பாதியில் விட்டால் கோடு விழுந்துவிடும், பிறகு எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் போகாது. அதனால் அவர் நின்றுகொண்டே இருந்தார். அவர் எழுந்து பேச ஆரம்பித்தால் நீதிபதிகளே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள் என்று அவள் கணவர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர் சலவை அறையில் சோப்புத்தூள் வாசனைக்கு நடுவே உட்கார இடம் தேடி, கடைசியில் அழுக்குத்துணிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அம்மா, பயப்பட ஒண்ணுமில்ல. வர்ற வியாழக்கிழமை கோர்ட்டுல மூணே மூணு விஷயம் சொல்லணும். ஒண்ணு, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரெண்டு, அந்தப் பெட்டிங்களைப் பழைய பேப்பர்னு நினைச்சு நானாத்தான் கொண்டாந்து இங்க அடுக்கினேன், யாரும் சொல்லல. மூணு, ஐயா இந்த அறைப் பக்கம் வந்ததே கிடையாது. அவ்வளவுதான்."

அவள் காலரை முடித்துக் கைப்பட்டிக்கு வந்திருந்தாள். "முதல்ல சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எழுதப் படிக்கத் தெரியாது. அதைச் சொன்னாலே பாதி வேலை முடிஞ்சுது. மத்ததெல்லாம் தானா நம்பிடுவாங்க."

அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. உண்மையிலேயே அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவளுக்கு உறுத்தியது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சட்டையை ஹேங்கரில் மாட்டி, மேல் பொத்தானைப் போட்டு, அடுத்ததை எடுத்தாள். பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் எழுந்து போனார்.

பதினொரு வருஷமாக அவள் தலைவர் வீட்டில் துணி தேய்க்கிறாள். தலைவர் நாட்டை ஆண்ட காலத்திலும் அவர் சட்டை அவள் கையால்தான் போனது. தோற்றுப்போய் வீட்டோடு உட்கார்ந்த இந்த இரண்டு வருஷத்திலும் அப்படித்தான். கணவர் அவருடைய கார் டிரைவர். வீட்டுக்குப் பின்னால், மதிலை ஒட்டி இரண்டு அறையில் இருவரும் குடியிருந்தார்கள். ஒரு தடவை கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கார் ஷெட்டில் சரிந்தபோது, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தலைவரே போன் போட்டுப் பேசினார். டாக்டர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அதை அவள் மறக்கவில்லை. மறக்கிற விஷயமா அது.

படிக்கக் கற்றுக்கொண்டதற்கும் இந்த வீடுதான் காரணம். நாற்பத்திரண்டு வயதில் ஒரு பட்டுச்சட்டையைச் சூடு அதிகமாக வைத்துச் சுருட்டிவிட்டாள். வீட்டு மேனேஜர் அந்தச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சமையல்காரர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாரும் பார்க்க, "சூடு படக்கூடாதுன்னு சட்டையிலேயே எழுதியிருக்கே, கண்ணு தெரியாதா உனக்கு?" என்று கேட்டார். "கண்ணு நல்லாத்தான் தெரியுது. எழுத்துதான் தெரியல," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த வாரமே ஆரம்பப்பள்ளியில் பெரியவர்களுக்கு நடத்திய சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தாள். குழந்தைகள் பெஞ்சு, முழங்கால் மேசையில் இடிக்கும். அங்கே இரண்டு வருஷம். "ழ"வை மட்டும் ஒரு மாதம் எழுதினாள். மேனேஜரிடம் சொல்லவில்லை. கணவருக்குத் தெரியும், "கலெக்டரம்மா" என்று கொஞ்ச நாள் கேலி செய்தார், பிறகு அவரும் மறந்துபோனார்.

பதவி போனதும் தலைவர் வீட்டுக்கு இருபத்தெட்டு அட்டைப்பெட்டிகள் வந்தன. அரசாங்கத்து இரகசியக் கோப்புகள் என்பது பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. திருப்பிக் கொடுங்கள் என்று அரசாங்கத்திலிருந்து கேட்டார்கள். பத்துப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, இதற்கு மேல் என்னிடம் ஒரு துண்டுச்சீட்டு கிடையாது என்று தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று காலையிலேயே மீதிப் பதினெட்டும் சலவை அறைக்கு வந்துவிட்டன. மேனேஜர் முன்னால் நின்று அடுக்கச் சொன்னார். அவளுடைய இஸ்திரிப்பெட்டி வைக்கக்கூட இடமில்லை. "ஒரு பெட்டிக்காரி இருக்கற இடத்துல பதினெட்டுப் பெட்டியா?" என்று அவள் கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம் வாஷிங் மெஷின் குழாய் பிய்த்துக்கொண்டது. அவள் வந்து பார்த்தபோது தரையில் கணுக்கால் அளவு தண்ணீர், அடிவரிசைப் பெட்டிகள் ஊறி வாய் பிளந்திருந்தன. யாருடைய காகிதமாக இருந்தால் என்ன, நனைந்ததைக் காயவைப்பதுதான் அவள் வேலை. துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தாள்தாளாகத் தொங்கவிட்டாள். ஓரளவு காய்ந்ததும் மேலே மெல்லிய துணி விரித்து, குறைந்த சூட்டில் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். ஒவ்வொரு தாளின் தலைமாட்டிலும் சிவப்பு மையில் ஒரே வரி. ஐம்பதாவது தாளுக்கு வரும்போது எழுத்துக்கூட்டாமலே அவளுக்கு அது வந்துவிட்டது: மிக இரகசியம். அலுவலகத்துக்கு வெளியே கொண்டு செல்லக் கூடாது.

அப்போதுதான் தலைவர் வந்தார். வாசலில் நின்று, கொடியில் சட்டைகளுக்குப் பதிலாகக் காகிதங்கள் ஆடுவதைப் பார்த்தார். உள்ளே வந்து மேசையில் இருந்த தாளைக் கையில் எடுத்தார். சூடு ஆறியிருக்கவில்லை. "பரவாயில்லையே, சுருக்கமே இல்லாம தேய்ச்சிருக்க," என்றார். "இனிமே நனையாம மேல் தட்டுல வை." போய்விட்டார்.

நாலு மாதம் கழித்து விசாரணை அதிகாரிகள் வீடு முழுக்கச் சோதனை போட்டு, மேல் தட்டிலிருந்து அத்தனையையும் எடுத்தார்கள். தலைவர்மேல் குற்றவழக்கு வந்தது. வேலைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் முறை வந்தபோது மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள். அதிகாரி எழுதி முடித்துப் பேனாவை நீட்டினார். மேனேஜர் குறுக்கே புகுந்து, "அவங்க கைநாட்டுங்க," என்று மைப்பெட்டியைத் திறந்துகொடுத்தார். அவள் கையெழுத்துப் போடத் தெரிந்தவள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள். எத்தனை சோப்புப் போட்டும் அந்த நீலம் மூன்று நாள் போகவில்லை. தும்பைப்பூ மாதிரி இருந்த படுக்கை விரிப்பு ஒன்றில் கறை பட்டுவிடுமோ என்று அந்த விரலை மடக்கிக்கொண்டே வேலை செய்தாள்.

வக்கீல் வந்துபோன மறுநாள் மத்தியானம், கணவர் சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"வக்கீல் கிட்ட சரின்னு சொல்லலையாமே?"

"இல்லன்னும் சொல்லலையே."

"இங்க பாரு. அந்த மனுஷன் போன் போடலைன்னா நான் இன்னிக்கு உன் முன்னால உக்காந்திருக்க மாட்டேன்."

"தெரியும். அதுக்கு அவர் கேட்டா அவர் காலைக்கூடக் கழுவுவேன். ஆனா பெட்டியை நான்தான் எடுத்து வெச்சேன்னு சொன்னா, என்னைப் பிடிச்சு உள்ள போட மாட்டாங்களா?"

"படிக்கத் தெரியாதவளை யாரு உள்ள போடுவாங்க? பாவம்னு விட்டுருவாங்க."

"ஓகோ. அதுக்குத்தான் படிக்கத் தெரியாதவளா ஒருத்தி வேணும்போல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வார்த்தைதானே. தெரியாதுன்னு சொன்னா கையோ காலோ குறைஞ்சா போயிரும்? நாற்பத்திரெண்டு வருஷம் தெரியாமத்தானே இருந்தே?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலாகச் சொன்னாள்: "இருந்தேன். அதனாலதான் சொல்ல மாட்டேன்."

அதன்பிறகு வியாழக்கிழமை வரை இரண்டு பேரும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அவர் டீ போட்டு அவளுக்கும் ஒரு டம்ளர் வைப்பார், மூடிவைப்பார். அவள் அவர் மாத்திரையை எடுத்துத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைப்பாள். கோபம் அந்த அளவில்தான் இருந்தது. ஆனால் இருந்தது.

நீதிமன்றம் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. மின்விசிறி ஒன்று சுற்றும்போதெல்லாம் கடகடவென்று ஆடியது. தலைவர் முன்வரிசையில், அவள் தேய்த்துக்கொடுத்த சட்டையில் உட்கார்ந்திருந்தார். கணவர் வெளியே காரில். நீதிபதி ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அரசு வக்கீல், பெட்டிகளைச் சலவை அறையில் வைத்தது யார் என்று கேட்டார்.

"மேனேஜர் சார் முன்னால நின்னு வைக்கச் சொன்னாரு. ஆளுங்க தூக்கியாந்தாங்க. நான் ஒண்ணைக்கூடத் தூக்கல."

பின்வரிசையில் இருந்த மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அரசு வக்கீலே இதை எதிர்பார்க்கவில்லை என்பது அவர் அடுத்த கேள்வியைத் தேடிய விதத்தில் தெரிந்தது. தலைவர் அந்த அறைக்கு வந்தாரா என்று கேட்டார். அவள் குழாய் பிய்ந்ததிலிருந்து, தாளின் தலைமாட்டில் படித்த சிவப்பு வரி உட்பட, எல்லாவற்றையும் சொன்னாள். "தாளைக் கையில எடுத்துப் பார்த்தாரு. நல்லா தேய்ச்சிருக்கேன்னாரு. மேல் தட்டுல வைன்னாரு." சொல்லும்போது தலைவரைப் பார்த்துத்தான் சொன்னாள். திட்டுகிற மாதிரி இல்லை. நடந்தது நடந்தபடி, உங்களுக்கும் தெரியுமே என்கிற மாதிரி.

பெரிய வக்கீல் எழுந்தார். கூடைமேல் உட்கார்ந்த மனிதர் இவர்தானா என்று தோன்றியது அவளுக்கு. கறுப்பு அங்கியில் அவ்வளவு உயரமாக இருந்தார்.

"தாள்ல இரகசியம்னு எழுதியிருந்ததைப் படிச்சதாச் சொல்றீங்க. ஆனா விசாரணையில கைநாட்டு வெச்சிருக்கீங்க. எது பொய்?"

"கைநாட்டுதாங்க பொய்."

நீதிபதி நிமிர்ந்தார்.

"மைப்பெட்டியை நீட்டினாங்க, வெச்சேன். பயம். அன்னிக்கு நான் பண்ணது தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா எனக்குப் படிக்கத் தெரியும்."

வக்கீல் தன் காகிதக் கட்டில் மேலாக இருந்த தாளை உருவினார். குற்றப்பத்திரிகையின் முதல் பக்கம். மெத்தப் படித்தவர்களுக்கே மூச்சு வாங்கும் சட்டத்தமிழ், பொடி எழுத்து. "அப்போ இதைப் படிங்க பார்ப்போம்," என்று நீட்டினார். பின்னால் யாரோ லேசாகச் சிரித்தது கேட்டது.

அவள் தாளை வாங்கித் தள்ளிப்பிடித்தாள், கிட்டே கொண்டுவந்தாள். முதல் வரியில் தலைவர் பெயர் இருந்தது. அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். எல்லாருக்கும் அவர் ஐயாதான். அதைப் படித்தாள். "நாட்டின் பாதுகாப்பு தொடர்பான ஆவணங்களைச் சட்... சட்டத்துக்குப் பு... புற..." நின்றாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு வரியின் ஆரம்பத்துக்குப் போனாள். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், தடுக்கினால் முதலிலிருந்து வா என்று. "சட்டத்துக்குப் புறம்பாகத் தம் வசம் வைத்திருந்தும், அவற்றைத் திருப்பி ஒப்படைத்துவிட்டதாகப் பொய்யாக எழுதிக்கொடுத்தும்..."

"போதும்மா," என்றார் வக்கீல்.

அவள் விரல் வரிமேல் இருந்தது. "இன்னும் பாதிப் பக்கம் இருக்குங்க."

"படிக்கட்டும்," என்றார் நீதிபதி.

அவள் படித்தாள். விசிறி கடகடத்தது. எத்தனை நிமிஷம் ஆனதென்று தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல், முற்றுப்புள்ளி வந்தால் நின்று, மூச்சு வாங்கி, அடுத்த வரிக்குப் போனாள். தலைவர் ஆரம்பத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தன் சட்டையின் கைப்பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரியை முடித்ததும் தாளை நான்காக மடிக்கப்போய், இது துணி இல்லை என்று ஞாபகம் வந்து, அப்படியே வக்கீலிடம் திருப்பிக்கொடுத்தாள்.

வெளியே நடைகூடத்தில் மேனேஜர் வழிமறித்தார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது. "சாயங்காலத்துக்குள்ள வீட்டுச் சாவி என் கைக்கு வரணும்."

"தர்றேன் சார். வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. படிச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்."

அவர் பதில் சொல்லுமுன் நடந்துவிட்டாள். பத்திரிகைக்காரர்கள் தலைவர் வரும் வாசலில் மொய்த்திருந்ததால் பக்கவாசல் வழியாக வந்த அவளை ஒருவரும் கவனிக்கவில்லை. சாவி போனால் எங்கே போவது என்று யோசித்துப் பார்த்தாள். தங்கை வீடு இருந்தது; ஒரு வாரம் தாங்கும். அதற்குமேல் யோசிக்க வரவில்லை. பெரிய சாலைமுனை சிக்னலுக்குப் பக்கத்தில் பஸ் நிறுத்தம். வெயில் உச்சியில் இருந்தது. பலகையில் எழுதியிருந்த பஸ் எண்களையும் ஊர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தபடி நின்றாள்.

சிவப்பு விளக்கு விழுந்தது. அவளுக்கு நேர் எதிரே, நடைபாதையை உரசினாற்போல், அந்தக் கறுப்புக் கார் வந்து நின்றது. பின்சீட்டில் தலைவர். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அவர் திரும்பினார், அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவளும் பார்த்தாள். முதலில் கண்ணை எடுத்தது அவர்தான். முன்னால் கணவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதோரம் வியர்வை இறங்குவது அவளுக்குத் தெரிந்தது.

பச்சை விழுந்தது. பக்கத்து வண்டிகள் கிளம்பின. கறுப்புக் கார் அசையவில்லை. பின்னால் ஒரு ஹாரன் அடித்தது, பிறகு நாலைந்து, பிறகு சாலை முழுக்க. தலைவர் முன்பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். கணவர் மெதுவாகக் கையை நீட்டி, பக்கத்துச் சீட்டின்மேல் குனிந்து, அவள் நின்ற பக்கத்து முன்கதவின் கண்ணாடியை முழுக்க இறக்கினார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கணவர் அவளைப் பார்த்தார். ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. விளக்கு மஞ்சளுக்குப் போய், மறுபடி சிவப்பாயிற்று.