மொட்டைமலை போட்ட ஓட்டு

வாக்குப்பதிவுக்கு மறுநாள் காலை மொட்டைமலையின் இடப்பக்கப் பாறையில் ஓட்டு மை இருந்தது. ஓர் ஆள் உயரக் கோடு, விரலில் வைப்பதுபோலச் சற்றே சாய்வாக. கிளியனூர் பக்கமிருந்து மல்லாட்டைக் கடலை பிடுங்க வந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள், ஏனென்றால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மலையின் கிழக்கே உள்ள பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குத் திண்டிவனத்து ஆசிரியை இருதயசெல்வி பொறுப்பு. மாலை ஆறு மணியானதும் வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்துவிட வேண்டும். பிந்தி வருகிறவர்கள் நுழைந்துவிடாதபடி கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னே வர வேண்டும். விடியுமுன் எழுந்தவர், பாவம், முகம் பார்க்காமல் கொடுத்துக்கொண்டே வந்தார். அந்நேரம் மலையின் நிழல் இறங்கிவந்து வரிசையின் கடைசியில் நின்றிருந்தது. ஆட்கள் ஒன்பது பேர், டோக்கன் பத்து. பத்தும் திரும்பி வந்தன. கடைசியாக வந்ததில் மட்டும் கருங்கல் தூள் ஒட்டியிருந்தது. பதிவேட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், இயந்திரத்தில் அறுநூற்றுப் பதின்மூன்று ஓட்டு.

விழுப்புரத்தில் எண்ணியபோது வேட்பாளர் விருத்தாசலம் ஒரே ஓட்டில் ஜெயித்திருக்காவிட்டால் இதை யாரும் கிளறியிருக்க மாட்டார்கள். மலை தனக்குத்தான் போட்டது என்றார் அவர். தோற்ற சீனுவாசனும் விடவில்லை. மலை கைகொடுத்திராவிட்டால் இரண்டு ஓட்டில் தோற்றிருப்பேன் என்றார்.

தேர்தல் அதிகாரி அரங்கநாதன் நல்ல மனுஷர். ஜூன் மாதம் இருதயசெல்விக்குத் தலைமை ஆசிரியை பதவி வரவிருந்தது அவருக்குத் தெரியும். காலையில் சோதனைக்குப் போட்டுப் பார்க்கும் ஓட்டை அழிக்க மறப்பது எங்கும் நடக்கிற தப்பு என்பதால், அதையே வழியாகக் காட்டினார்.

"அழிக்க மறந்துட்டேன்னு எழுதிக் குடுங்க டீச்சர். மெமோவோட போயிடும். எதுக்கு பேஜாரு?"

"அழிச்சேன் சார். ஏஜென்ட்டுங்க எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அது வரிசைல நின்னுக்கினு இருந்துச்சு, நான்தான் டோக்கன் குடுத்தேன். குடுத்துட்டு, உன் ஓட்டு ஓட்டில்லன்னு எப்டி சார் சொல்றது?"

அரங்கநாதன் வெகுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். டோக்கன் உண்டு, ஆகவே ஓட்டு செல்லும் என்று எழுதினார். முகம் பார்க்காமல் டோக்கன் கொடுத்த குற்றத்துக்குப் பதவி உயர்வு நின்றது. கணவர் சூசைமுத்து இரண்டு நாள் பேசாமல் இருந்தார், மூன்றாம் நாள் காபி போட்டுக் கொடுத்தார். நாற்காலி வேறொருவருக்குப் போனது. இருதயசெல்வி ஆசிரியையாகவே ஓய்வு பெற்றார். அது அவருக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வாக்காளர் பட்டியலில் மொட்டைமலையின் பெயர் வந்துவிட்டது. வயது எண்பத்தைந்துக்கு மேல் என்று குறித்திருந்ததால், அடுத்த தேர்தலில் முதியவர்களுக்குச் செய்வதுபோல அதிகாரிகளே வாக்குச்சீட்டோடு மலைக்குப் போனார்கள். ஊரும் பின்னாலேயே போனது. பாறை மறைவில் சீட்டை வைத்துவிட்டு, ரகசியம் காக்க எல்லோரும் கிழக்கே திரும்பி நின்றார்கள்.

இந்த ஓட்டுக்காக நாற்காலியையே விட்ட டீச்சர் மட்டும் மலை யாருக்குப் போடுகிறது என்று பார்க்கட்டும், அது நியாயந்தான் என்று ஊரார் சொன்னார்கள். இருதயசெல்வி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவர்களோடு கிழக்கே திரும்பிக்கொண்டார்.